பதுவைக்குக் கொண்டுபோன உப்பு

பிளெய்ன்ஸ்பரோவில் நானும் என் தோழியும் சேர்ந்து எடுத்திருக்கும் அப்பார்ட்மென்டில், சமையலறையின் மேல் அலமாரியில் ஒரு வெள்ளைத் துணி முடிச்சு இருக்கிறது. உள்ளே ஒரு பிடி கல்லுப்பும் கொஞ்சம் மிளகும். தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்தில் வாரிய உப்பு. நியூஜெர்சிக்கு வந்து, இத்தாலிக்குப் போய், மறுபடி நியூஜெர்சிக்கே வந்துவிட்டது. அது இத்தாலியிலிருந்து திரும்பி வந்திருக்கக் கூடாது.

எங்கள் ஊரில் செவ்வாய்க்கிழமை என்றால் அந்தோணியார் கிழமை. அளத்துக்குப் போகிற வழியில் குருசடி என்று ஒரு சின்னக் கோயில் உண்டு. கண்ணாடிக் கூண்டுக்குள் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திக்கொண்டு அவர் நிற்பார். கூண்டுக்குக் கீழே ஒரு மரத்தொட்டி. காய்ச்சல், காணாமல் போன ஆடு, கல்யாணம், எதற்காக வேண்டிக்கொண்டாலும் அந்தத் தொட்டியில் உப்பும் மிளகும் போட வேண்டும். அம்மா அவரை வெறுமனே அந்தோணியார் என்று சொல்ல மாட்டாள். பதுவை அந்தோணியார் என்றுதான் சொல்வாள். பதுவை எங்கே இருக்கிறது என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. மோட்சத்தில் ஒரு தெருவாக இருக்கும் என்று சின்ன வயதில் நான் நினைத்திருந்தேன்.

இது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். இரண்டாயிரம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்களெல்லாம் குழம்பிவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருக்கிறது. அந்தப் பயத்தில்தான் எங்களுக்கெல்லாம் அமெரிக்காவில் வேலை கிடைத்தது. நான் வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனிக்கு இத்தாலியில் வெனிஸை ஒட்டிய மெஸ்த்ரே என்ற ஊரில் ஒரு கிளை. இரண்டு வாரம் அங்கே போய் டெஸ்ட் பண்ணிக் கொடுக்க வேண்டும் என்று ஏப்ரலில் மேனேஜர் சொன்னார். அன்று மதியம் ஆபீஸ் நூலகத்தில் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். வெனிஸுக்கு மேற்கே, ரயில் பாதையில் ஒரு விரல் தூரத்தில், பாதுவா என்று எழுதியிருந்தது. எங்கள் குழுவில் இருந்த அமெரிக்கர்களில் ஒருவருக்கும் அந்த ஊரைத் தெரியவில்லை. தேனிலவுக்கு வெனிஸ் போயிருந்த ஒருவர் மட்டும், அந்த ஊரில் ரயில் நின்றது, நாங்கள் இறங்கவில்லை என்றார். மதுரைக்கு வடக்கே போயிராத என் அம்மா தினமும் சொல்கிற பெயர் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் செய்தபோது பெருமைக்காகத்தான் சொன்னேன்.

"அம்மா, அந்தோணியார் ஊருக்குப் பக்கத்துல போறேன்."

"எந்த அந்தோணியாரு?"

"நம்ம பதுவை அந்தோணியார்."

அம்மா ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே, "ஏளா, கேட்டியா, இவ பதுவைக்குப் போறாளாம்லா!" என்று கத்தினாள்.

கத்தத் தேவையில்லை. தங்கச்சி அதே அறையில்தான் கட்டிலில் படுத்திருந்தாள். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. இது மூன்றாவது, ஆறாம் மாதம். கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால், புருஷன் வீட்டிலிருந்து அவளை அம்மா கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுப் போனை வைத்திருந்தார்கள். என் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த போன்.

"அக்கா, உப்பு குடுத்து விடுதேன். அங்க போடணும். செவ்வாக்கெழமதான் போடணும். உன் கையாலயே போடணும்."

"நம்ம குருசடியிலயே போடலாம்லா?"

"இங்க ரெண்டு தடவ போட்டாச்சு" என்றாள்.

சரி, அனுப்பு என்றேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் நான். இரண்டு வருஷம் கழித்து அவளும் வந்தாள். அவள் ஐந்தாவது படிக்கும்போது அப்பாவுக்குக் கண் பார்வை மங்கி, அளத்தில் வேலை கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளில் ஒருத்தி அம்மாவோடு பாத்திக்குள் இறங்கியாக வேண்டும். யார் என்று வீட்டில் பேச்சே நடக்கவில்லை. நான் வகுப்பில் முதலாவது வந்துகொண்டிருந்தேன். ஒரு திங்கட்கிழமை அவள் புத்தகப் பைக்குப் பதிலாகத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனாள். நான் ஹாஸ்டலுக்குப் போனேன், காலேஜுக்குப் போனேன், அமெரிக்காவுக்கு வந்தேன். அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்டது இந்த உப்பு ஒன்றுதான்.

பார்சிப்பனியில் வேலை பார்க்கும் திருநெல்வேலி அங்கிள் ஒருவர் லீவு முடிந்து திரும்பும்போது முடிச்சைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மாவின் பழைய துண்டிலிருந்து கிழித்த துணி. தான் முன்பு வாரிய அதே பாத்தியின் உப்பு என்று தங்கச்சி சொல்லிக் கொடுத்துவிட்டிருந்தாள். என் தோழி கோயம்புத்தூர்க்காரி. முடிச்சைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏன்டி, கஸ்டம்ஸ்ல புடிச்சா என்ன சொல்லுவ?"

"உப்புன்னு சொல்லுவேன்."

"வெள்ளையா பொடி மாதிரி முடிஞ்சு வெச்சுட்டு உப்புன்னு சொன்னா நம்பிருவானாக்கும்? ரசம் வெக்கறதுக்குன்னு சொல்லு. மிளகு வேற இருக்குது, ப்ரூஃப்."

"போடி."

அவள் சிரித்து முடித்துவிட்டு, "நெஜமா, நீ இதெல்லாம் நம்பறியா?" என்று கேட்டாள்.

"தங்கச்சி நம்புறா" என்றேன். கெட்டிக்காரத்தனமான பதில் என்று நினைத்துக்கொண்டேன்.

கஸ்டம்ஸில் யாரும் கேட்கவில்லை. மெஸ்த்ரே ஆபீஸில் என்னோடு வேலை செய்ய ஓர் அம்மாளை ஒதுக்கியிருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். பாதுவாவிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவர். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் பாதுவாவுக்குப் போக வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார். எல்லோரும் வெனிஸுக்குத்தானே போவார்கள்?

"பழைய கட்டடங்கள் பார்க்க" என்றேன்.

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தன் ஊரைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து ஒருத்தி வந்திருக்கிறாள். தானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதாகச் சொன்னார். தனியாகப் போகிறேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம்.

ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மே மாதம், ஆறு மணிக்கும் நல்ல வெயில். அந்த ஊரில் தெருக்களுக்கு இருபுறமும் தூண் வைத்து, வீடுகளின் மாடியே கூரையாக, நடைபாதை முழுக்க மூடியிருக்கிறார்கள். அடைமழையிலும் குடையில்லாமல் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடலாம். தரைக்கல் தேய்ந்து நடுவில் குழிந்திருந்தது. சைக்கிளில் மாணவர்கள் மணியடித்துக்கொண்டு போனார்கள். கப்பலைக் கவிழ்த்து வைத்தாற்போல் கூரை போட்ட பெரிய மண்டபம் ஒன்று. எழுநூறு வருஷத்துக்கு மேல் பழையது என்றார் அந்த அம்மாள். அதன் அடியில் ஒருவர் பாலாடைக்கட்டியை வெட்டி எடை போட்டுக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர்கள் யாரும் கண்ணில் படவில்லை. வேலை முடிந்து வந்தவர்கள் வீட்டுக்குக் கீரையும் ரொட்டியும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த ஊர் பிடித்துப்போயிற்று. வந்த காரியத்தைக் கொஞ்ச நேரம் மறந்தே போனேன்.

அந்த அம்மாள் படித்த பல்கலைக்கழகம் வழியில்தான் இருந்தது. காவலாளியிடம் ஏதோ சொல்லி என்னை உள்ளே கூட்டிப்போனார். சுவரெல்லாம் குடும்பச் சின்னங்கள் பதித்த ஒரு முற்றம். மாடிப்படியின் அடியில் வெள்ளைக் கல்லில் ஒரு பெண்ணின் சிலை. முந்நூறு வருஷத்துக்கு முன் இங்கே பட்டம் வாங்கியவள், உலகத்திலேயே அப்படிப் பட்டம் வாங்கிய முதல் பெண் என்றார். எங்கள் வீட்டில் நான்தான் முதலில் படித்தவள் என்று நான் சொன்னேன். அதை நான் எல்லோரிடமும் சொல்வேன். அவர் என் கையைப் பிடித்து, அப்படியானால் நீ இவள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று நிற்க வைத்து என் கேமராவில் போட்டோ எடுத்தார். அந்தப் போட்டோ இருக்கிறது. தலையை நிமிர்த்தி நிற்கிறேன். தோளில் கைப்பை. உப்பு அதற்குள்தான் இருக்கிறது.

அங்கிருந்து கோயிலுக்குப் பத்து நிமிட நடை. தெருவின் கடைசியில் அத்தனை குவிமாடங்களும் ஒன்றாகத் தெரிந்தபோது, பைக்குள் முடிச்சு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வாசலில் மெழுகுவர்த்தியும் ஜெபமாலையும் விற்கும் தள்ளுவண்டிகள். அவற்றைப் பார்த்ததும் அந்த அம்மாள் உதட்டைப் பிதுக்கினார். உள்ளே இருக்கும் சிற்பங்களை அவசியம் பார்க்க வேண்டும், ஆனால் இந்தக் கூட்டம் தனக்குப் புரியவே இல்லை என்றார். கல்லைத் தொட்டால் நோய் தீரும் என்று படித்தவர்கள்கூட வரிசையில் நிற்கிறார்களே. உன்னைப் போலக் கணக்கும் கம்ப்யூட்டரும் படித்த பெண்ணுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருக்குமே?

நான் சிரித்தேன். அவருக்குப் பிடிக்கும்படி சிரித்தேன்.

அந்தோணியாரின் கல்லறை இடப்பக்கத்தில், சுற்றிலும் சிற்பங்கள் செதுக்கிய ஒரு மண்டபத்துக்குள் இருந்தது. மேடைக்குப் பின்னால் கரும்பச்சைக் கல். ஜனங்கள் ஒவ்வொருவராகப் போய் அந்தக் கல்லில் உள்ளங்கையை வைத்துத் தலை குனிந்து நின்றார்கள். பக்கத்துப் பலகைகளில் போட்டோக்கள் குத்தியிருந்தன. பிறந்த குழந்தைகள், கட்டுப்போட்ட கால்கள், நசுங்கிய கார்கள். நான் தொட்டியைத் தேடினேன். சுற்றிச் சுற்றித் தேடினேன். அந்தோணியாரின் சொந்த ஊரில் தொட்டி இல்லாமல் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. உப்பு போடும் வழக்கம் எங்கள் பக்கத்து வழக்கம், இங்கே யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் என்று அங்கே நிற்கும்போதுதான் புரிந்தது.

வரிசை நகர்ந்தது. அந்த அம்மாள் தூணில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் கல்லுக்குச் சத்தமாக முத்தம் கொடுத்தார். என் முறை வந்தது. ஒரு கையைக் கல்லில் வைத்தேன். குளிர்ந்திருந்தது. மறு கை பைக்குள் போய் முடிச்சைப் பிடித்தது. தொட்டி இல்லாவிட்டால் என்ன, கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். அழுக்குத் துணி முடிச்சு. அதை எடுத்தால் இது என்ன என்று அவர் கேட்பார். நான் சொல்ல வேண்டியிருக்கும்.

கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டேன். பின்னால் நின்றவர் மெல்ல இருமினார். நகர்ந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் அந்த அம்மாள் விடைபெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனார். பக்கத்தில் ஒரு பெரிய திடல். நீள்வட்டமாக வாய்க்கால் வெட்டி, இரு கரையிலும் வரிசையாகக் கற்சிலைகள் நிறுத்தியிருந்தார்கள். புல்லில் மாணவர்கள் படுத்துக் கிடந்தார்கள். திரும்பவும் கோயிலுக்குள் போகலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். கதவை மூட நேரம் இருந்தது. அந்தத் திடலின் ஓரத்தில் ஒரு போன் கூண்டு. அங்கே ஊரில் தங்கச்சி தூங்காமல் காத்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பில் முதலில் போன் செய்தேன். முதல் மணி அடித்ததுமே எடுத்துவிட்டாள்.

"போட்டுட்டியா அக்கா?"

"போட்டுட்டேன்."

"உன் கையாலயா?"

"ஆமா."

"தொட்டி பெருசா இருக்கா?"

"பெருசு. மார்பிள்ல செஞ்சு வச்சிருக்காங்க."

"நெறைய உப்பு கெடக்கா?"

"நம்ம அளத்து அம்பாரம் மாதிரி கெடக்கு."

சிரித்தாள். அத்தனை மாதத்தில் அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான். "அப்ப அங்கயும் நம்மள மாதிரிதான்" என்றாள்.

சொன்ன பிறகு கோயிலுக்குத் திரும்பிப் போக அவசியமில்லாததுபோல் ஆகிவிட்டது. அடுத்த செவ்வாய் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு ஆபீஸில் உட்கார்ந்து, மறுநாள் பார்த்திருக்கக்கூடிய ஒரு ரிப்போர்ட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை எல்லோரையும் போல வெனிஸுக்குப் போய்ப் படகில் ஏறினேன்.

ஜூன் மாதம், ஊரில் அந்தோணியார் திருவிழாவுக்குக் கொடியேற்றிய வாரத்தில், தங்கச்சிக்கு நாள் முந்தி வலி வந்துவிட்டது. பெண் குழந்தை. இரண்டு நாள் இருந்தது. எடை போதவில்லை, மூச்சு விட முடியவில்லை என்று டாக்டரம்மா சொன்னதாக அம்மா சொன்னாள். ஆஸ்பத்திரி வரைக்கும் திருவிழா மைக் சத்தம் கேட்டதாம். காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தாளாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே போனை எடுத்தாள். நான் அழுதேன். அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"நீ அழாத அக்கா. நீ அவ்வளவு தூரம் போயி போட்டுட்டு வந்துட்ட. உன் மேல என்ன இருக்கு. அவருதான் கேக்கல."

அந்த வாரத்திலிருந்து அவள் குருசடிக்குப் போகவில்லை. வீட்டில் இருந்த அந்தோணியார் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டாள். அம்மா திருப்பி வைத்தால் மறுபடி மாற்றி வைப்பாளாம்.

"ஒருத்தர்ட்டயும் பேச மாட்டேங்கா" என்று ஆகஸ்டில் அம்மா சொன்னாள். "முந்தியெல்லாம் அவருட்டயாவது பேசிக்கிட்டு கெடப்பா. அளத்துலருந்து வரும்போது குருசடியில நின்னு அன்னைக்கு நடந்தது பூராவும் ஒப்பிச்சிட்டுத்தான் வருவா. பதுவைக்கே போயி போட்டும் கேக்காதவருட்ட எனக்கு என்ன பேச்சுங்கா."

தோழியிடம் அன்று எல்லாவற்றையும் சொன்னேன். கார் ஓட்டிக்கொண்டிருந்தாள். பிரின்ஸ்டன் ஜங்ஷன் வந்ததும் ஓரமாக நிறுத்தினாள்.

"தங்கச்சிகிட்ட சொல்லிப்போடாத" என்றாள். "சொன்னா, அக்கா உப்பப் போடாததுனாலதான் கொழந்த போச்சுன்னு நெனப்பா. சாகற வரைக்கும் நெனப்பா."

"சொல்லலேன்னா சாமி கைவிட்டுட்டாருன்னு நெனப்பா."

"அது சாமி பாத்துக்கட்டும். நீ சொன்னா உனக்கு லேசாயிடும். அவளுக்கு என்ன ஆகும்?"

அவள் சொன்னது நியாயம். இரண்டு வாரம் அதையே யோசித்தேன். உப்புக்கும் குழந்தையின் மூச்சுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அலமாரியைத் திறந்து அந்த முடிச்சைப் பார்க்க முடியவில்லை. ஐந்தாவது வகுப்பில் அவளிடமிருந்து பள்ளிக்கூடம் போனது. பேசிக்கொண்டிருக்க அவளுக்கு இருந்த ஒரே ஆளையும் நான் போக்கியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு காலையில் போன் செய்து, தங்கச்சியிடம் கொடு என்று அம்மாவிடம் சொன்னேன்.

"நான் அன்னைக்கு உப்பு போடல" என்றேன்.

"பதுவைக்குப் போகலியா?"

"போனேன். கல்லறையத் தொட்டேன். கூட ஒருத்தங்க வந்திருந்தாங்க. படிச்சவங்க. அவங்க முன்னால எடுக்க வெக்கமா இருந்துச்சு."

"தொட்டின்னு சொன்னியே. அம்பாரம் மாதிரின்னு."

"தொட்டியே கெடையாது."

அவளுக்குப் பின்னால் யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது கேட்டது.

"உப்பு எங்க இருக்கு?"

"இங்கதான். என்கிட்டதான் இருக்கு."

"அப்ப அது அவருட்ட போயே சேரல."

அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் குரல் தெளிவாக இருந்தது. வெகுநாளாகத் தேடிய பொருள் வீட்டுக்குள்ளேயே அகப்பட்டால் வருமே, அப்படி ஒரு குரல். நான் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்ததை அவசர அவசரமாகச் சொல்லத் தொடங்கினேன். டாக்டரம்மா சொன்ன எடை, நாள் முந்திய பிரசவம், உப்பு போட்டிருந்தாலும்...

"தெரியும்க்கா. நீ படிச்சவ" என்றாள்.

என்னைப் பற்றித் தெருவில் எல்லோரிடமும் அவள் சொல்கிற வார்த்தைதான்.

"அத கறியில கிறியில போட்றாதீங்க" என்றாள் பிறகு. "வரும்போது கொண்டா." போனை வைத்துவிட்டாள்.

படத்தை நேராகத் திருப்பி வைத்துவிட்டாள் என்று அடுத்த வாரம் அம்மா சந்தோஷமாகச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை குருசடிக்கு நடந்தே போய் வந்தாளாம். போனை அவளிடம் கொடு என்றேன். இப்போதுதான் வெளியே போனாள் என்றாள் அம்மா. அதற்கடுத்த ஞாயிறும் இப்போதுதான் வெளியே போயிருந்தாள். நான் போன் செய்கிற நேரத்தை மாற்றிப் பார்த்தேன். அப்போதும் இப்போதுதான் வெளியே போயிருந்தாள்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றும் குழம்பவில்லை என்று உறுதியாகும்வரை ஆபீஸில் யாருக்கும் லீவு கிடையாது. பிப்ரவரிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். இந்த வருஷக் கோடையின் ஈரத்தில் உப்பு கசிந்து துணி நனைந்துவிட்டது. மிளகின் கறுப்பு ஊறி வெளியே தெரிகிறது. பிளாஸ்டிக் பையில் போட்டு வை, ஒழுகுகிறது என்று தோழி சொன்னாள். போட்டு வைத்தேன். வரும்போது கொண்டா என்றுதான் தங்கச்சி சொன்னாள். குருசடித் தொட்டியில் அதை யார் கையால் போடுவது என்று சொல்லவில்லை. கேட்கலாம் என்றால், அவள் போனுக்கு வருவதில்லை.